ஆறு வருடத் தொட்டி, ஒரே இரவில் ஆறு மீன்கள்

ஏப்ரல் 14, காலை 8.20 (வடவள்ளியிலிருந்து வந்த கேள்வி)

அண்ணா, நாலடித் தொட்டி, ஆறு வருடமாக ஓடுகிறது. ஏஞ்சல் 2, முத்து கௌரமி 2, மிஸ் கேரளா 3, ஒரு சில்வர் ஷார்க், ஒரு டேங்க் கிளீனர். எல்லாமே குறைந்தது மூன்று வருடம் வளர்த்தவை. சித்திரைக்கனிக்கு வீட்டைக் கழுவும்போது நேற்று தொட்டியையும் சுத்தம் செய்தேன். இரவு பத்து மணிக்கு நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. விடியற்காலை கனி பார்க்க எழுந்தால் ஆறு மீன்கள் போய்விட்டன. பாப்பா அழுகையை நிறுத்தவே இல்லை. கடையில் கேட்டால் பாக்டீரியா நோய் என்று சொல்லி மஞ்சள் நிறப் பொடி மருந்தும் நீல மருந்தும் போடச் சொல்கிறார்கள். போடட்டுமா?

ஏப்ரல் 14, காலை 8.45

எதையும் போட வேண்டாம் தம்பி. இரண்டு மருந்தும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

நோய் என்றால் முதலில் ஒரு மீன் சுணங்கும். தீனிக்கு வராது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். நாலு நாள் கழித்து இன்னொன்று. வெள்ளைப்புள்ளி நோய் உடம்பில் உப்பைத் தூவின மாதிரி தெரியும். வாயோரம் பஞ்சு ஒட்டின மாதிரி வருகிற காலம்னாரிஸ், கோடைச் சூட்டில் ஓரிரு நாளில்கூடக் கொன்றுவிடும். ஆனால் அதுவும் பெரும்பாலும் வெளுத்த திட்டைக் காட்டிவிட்டுத்தான் கொல்லும். இரவு பத்துக்கு நீந்தியவை விடிவதற்குள் ஆறாகப் போயிருந்தால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள், எங்கே பிடித்தது, பில்டரை எதில் கழுவினீர்கள், எந்த ஆறு போனது? இந்த நாலையும் சொல்லுங்கள்.

என் ஊகம் குளோரின். பல நாளுக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரில் சில நேரம் பிளீச்சிங் வாடை தூக்கலாக இருக்கும். ஆன்ட்டி குளோரின் சொட்டு இருந்தால் இப்போதே விடுங்கள். இன்னொரு ஏர் மோட்டார் இருந்தால் மாட்டுங்கள். தீனி வேண்டாம். செத்ததில் ஒன்றைப் பையில் கட்டி பிரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். கல்லுப்பு ஒரு கைப்பிடி போடலாம்.

ஏப்ரல் 14, காலை 9.40

குளோரின் இல்லை. நான் சொன்னது தவறு.

நல்ல தண்ணீர் எட்டு நாளாக வரவில்லையாம். அதனால் மாடித் தொட்டியில் இருந்த போர் தண்ணீரையே விட்டிருக்கிறார். பாதித் தொட்டி. பில்டர் ஸ்பாஞ்சையும் அதே குழாயடியில் பிழிந்து பிழிந்து, வெள்ளையாக வரும்வரை கழுவியிருக்கிறார். போரில் குளோரின் ஏது?

போனவை: ஏஞ்சல் இரண்டு, கௌரமி இரண்டு, ஷார்க், மிஸ் கேரளா ஒன்று.

இதில் கௌரமிதான் எனக்குச் சாட்சி. தண்ணீரில் காற்று குறைந்து சாவு வந்தால் பெரிய மீன் முதலில் போகும், கௌரமியும் ஃபைட்டரும் கடைசிவரை நிற்கும், ஏனென்றால் அவை மேலே வந்து வாயால் காற்றை எடுத்துக்கொள்ளும். காலையில் கௌரமி மட்டும் உயிரோடு இருந்தால் மூச்சு முட்டிச் செத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கே இரண்டு கௌரமியும் போயிருக்கிறது. மூச்சுத் திணறியிருக்கலாம், ஆனால் காரணம் காற்று மட்டும் இல்லை. தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது.

பேரூரிலிருந்து வடவள்ளி பக்கம்தான். மத்தியானம் டெஸ்ட் கிட்டோடு வருகிறேன்.

ஏப்ரல் 14, இரவு 9.15

போய் வந்தேன். நல்ல நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார் தம்பி.

ஷார்க்கை ஒரு தட்டில் கிடத்தித் தென்னை ஈர்க்கால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். செத்து நேரமானால் செவுள் வெளுத்துவிடும். பிரிட்ஜில் இருந்ததால் நிறம் ஓரளவு நின்றிருந்தது. நைட்ரைட் விஷம் என்றால் காபிப்பொடி நிறத்துக்கு மாறியிருக்கும். இதில் ஓரம் கருஞ்சிவப்பு. நடுவில் கஞ்சித் தண்ணீர் மாதிரி சளி படர்ந்து, ஈர்க்கை எடுத்தால் நூலாகக் கூடவே வந்தது. செவுள் வெந்திருக்கிறது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

தொட்டித் தண்ணீர்: பிஎச் (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 8. அம்மோனியா 4 பிபிஎம். நைட்ரைட் பூஜ்யம். வெப்பம் 30 டிகிரி. டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 820.

போர் தண்ணீர்: பிஎச் 8.1, அம்மோனியா இல்லை, டிடிஎஸ் 1,340.

இங்கேதான் குழம்பினேன். போரில் அம்மோனியா இல்லை. நேற்று முன்தினம் வரை மீன்கள் நன்றாக இருந்த தொட்டி. ஒரே இரவில் 4 எங்கிருந்து வந்தது? பில்டரைக் கழுவியதால் என்று சொல்லலாம். ஆனால் தீனி போடாத ஒரே இரவில் ஒன்பது மீன்கள் நாலடித் தொட்டியை 4 வரைக்கும் ஏற்ற முடியாது.

கிளம்பும்போது செருப்பு மாட்ட வாசலுக்கு வந்தேன். கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு பக்கெட், பாதிக்கு மேல் பழுப்பாகத் தண்ணீர். "தொட்டியில் எடுத்த பழைய தண்ணீருங்க, செடிக்கு நல்லதுன்னு வெச்சிருக்கேன்" என்றார் தம்பியின் அம்மா. திரும்ப உள்ளே போய்க் கிட்டைப் பிரித்தேன்.

பழைய தண்ணீர்: பிஎச் கிட்டின் கடைசி மஞ்சள், அதாவது 6 அல்லது அதற்கும் கீழே. அம்மோனியா 8, கிட்டில் இருக்கிற கடைசிப் பச்சை. டிடிஎஸ் 310.

அந்த ஒரு பக்கெட் மட்டும் செடிக்குப் போயிருந்தால் இந்தக் காரணம் கடைசிவரை தெரிந்திருக்காது.

ஏப்ரல் 15, காலை 6.30

தூக்கம் வரவில்லை, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், செவுளுக்குள் அவ்வளவாகப் போகாது. இன்னொன்று கட்டில்லாத அம்மோனியா, அதுதான் கொல்லும். கிட் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். எது எவ்வளவு என்பதை பிஎச்சும் சூடும் முடிவு செய்யும். 30 டிகிரியில் பிஎச் 6 என்றால் பத்தாயிரத்தில் எட்டுப் பங்குதான் விஷம். பிஎச் 8 என்றால் நூற்றுக்கு ஏழு பங்கு.

கணக்குப் போடுங்கள். பழைய தண்ணீரில் மொத்தம் 8, அதில் விஷம் 0.006 அளவுதான். மீனுக்கு உறைக்கவே உறைக்காது. பாதித் தண்ணீரை மாற்றியதும் மொத்தம் 4 ஆகிவிட்டது, ஆனால் பிஎச் 8 ஆனதால் விஷம் 0.3 ஆகிவிட்டது. அம்மோனியா பாதியாகக் குறைந்து, விஷம் நாற்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது! 0.05ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும்.

அது மட்டும் இல்லை. டிடிஎஸ் 310இல் இருந்த மீன் ஒரு மணி நேரத்தில் 820க்குப் போயிருக்கிறது, பிஎச் இரண்டு படி ஏறியிருக்கிறது, பில்டரில் இருந்த கொஞ்ச நஞ்சப் பாக்டீரியாவும் குழாயடியில் போயிருக்கிறது. மூன்று அடியும் ஒரே சாயங்காலம் விழுந்திருக்கிறது.

பழைய தண்ணீர் ஏன் அப்படிப் புளித்தது? இதற்கு நம் கோவைத் தண்ணீரைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுவாணி மலைத் தண்ணீர். பாறைமேல் ஓடி வருவதால் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தம்பி வீட்டில் பிடித்து வைத்திருந்த ஒரு குடத்தில் டிடிஎஸ் 48தான். குடிக்க அதுபோல் தண்ணீர் இல்லை, பருப்பு சட்டென்று வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் தொட்டிக்குப் பிஎச் இறங்காமல் பிடிக்கிற தாங்குசக்தி வேண்டும். பில்டரில் இருக்கிற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். சிறுவாணியில் அந்தக் கையிருப்பு கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் பிஎச் இறங்கும், 6க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும். அப்புறம் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். புளித்த தண்ணீரில் அது அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும், மீனும் மெல்ல மெல்லப் பழகி உள்ளே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

தம்பி இரண்டு வருடமாக வற்றினதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. மீன் நன்றாக இருந்தால் எவருக்கும் கைவைக்கத் தோன்றாது.

ஏப்ரல் 15, மாலை 5.50

அவசரத் திருத்தம். நேற்றுக் காலை கல்லுப்பு போடச் சொன்னேன். மத்தியானம் அம்மோனியாவை உறிஞ்ச ஜியோலைட் பை தொங்கவிடச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. உப்பு பட்டால் ஜியோலைட் பிடித்து வைத்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அந்தக் கல்லையே மறுபடி பயன்படுத்துவார்கள், இது எனக்குத் தெரிந்த விஷயம். பதற்றத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்.

கிட்டில் நைட்ரைட் பூஜ்யம் என்றபோது உப்புக்கு வேலையே இல்லை. அது நைட்ரைட்டுக்குத்தான் மருந்து: உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. ஜியோலைட் பையை எடுத்துவிடுங்கள் தம்பி, அம்மோனியாவைக் கட்டுகிற கண்டிஷனர் போதும்.

இன்னொன்று. பிஎச்சை இறக்குகிறேன் என்று எலுமிச்சை, வினிகர் எதையும் விட வேண்டாம். மீதி மூன்று மீன்களும் 8இல் இரண்டு இரவு தாண்டிவிட்டன. இப்போது கீழே தள்ளினால் அது இன்னொரு அடி. பக்கத்து வீட்டில் பிடித்த நல்ல தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் விட்டு, தினம் இரண்டு குடம் மட்டும் மாற்றுங்கள்.

ஏப்ரல் 17

மிஸ் கேரளா ஒன்று நேற்றுச் சாயங்காலம் போய்விட்டது. வெந்த செவுள் உடனே ஆறாது, ஆபத்து கடந்த பிறகும் சில மீன்கள் போகும். ஓடுகிற ஆற்று மீன் அது, மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள, தென்கர்நாடகப் பக்கத்து ஆறுகள்தான் அதன் பிறந்த வீடு. காற்று நிறைந்த தண்ணீர் இல்லாமல் அதற்கு முடியாது. ஒன்று நின்றதே பெரிது.

அம்மோனியா 1.5. என் தொட்டியின் பில்டர் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரத்தோடு கொண்டுபோய், அதிலிருக்கிற பாக்டீரியா சேரட்டும் என்று அங்கே பிழிந்துவிட்டு வந்தேன். தண்ணீர் கலங்கலாகப் பழுப்பாக ஆனது. பாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு "அங்கிள், அழுக்கு" என்றாள். அந்த அழுக்குதான் கண்ணு உன் மீனுக்கு மருந்து என்றேன்.

ஏப்ரல் 18

கோபியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து வீடு, நெல் வயல் சுற்றிலும், கொசு தாங்க முடியாது. கொசு மருந்து மீனைக் கொல்லுமா?

கொல்லும் அக்கா. இதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

ஆடிப்பதினெட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து ஹாலில் படுத்தார்கள். ஏர் மோட்டார் மாட்டியிருந்த பலகையிலேயே கொசு மருந்து திரவத்தையும் சொருகியிருக்கிறார்கள். மோட்டார் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளும் இல்லையா? விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால், மீன்கள் திருகாணி மாதிரிச் சுற்றுகின்றன, துள்ளி மூடியில் மோதுகின்றன, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்குகின்றன. பதினொரு பார்ப் மீன்கள். ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் திரவங்களில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. நம் உடம்பு அதைச் சீக்கிரம் உடைத்துவிடும், மீனால் முடியாது. கொசுச் சுருள், அடிக்கிற ஸ்ப்ரே, தெருவில் வருகிற புகை, நாய்க்கு உண்ணி மருந்து தேய்த்த கை, பெரும்பாலும் எல்லாம் இந்தக் கணக்கில்தான். புகை வண்டிச் சத்தம் கேட்டால் சன்னலை மூடி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, ஏர் மோட்டாரை அரைமணி நிறுத்திவிடுங்கள். இரவில் மோட்டாரை வேறு அறையில் வைத்துக் குழாயை நீட்டிக்கொண்டால் நிம்மதி. கொசுவலை எல்லாவற்றையும்விட நல்லது.

வடவள்ளி மீன்கள் துள்ளியதா என்று அன்றே கேட்டேன். இல்லை, மேலே வந்து வாயைத் திறந்து நின்றிருக்கின்றன. நரம்பு விஷம் துள்ள வைக்கும், செவுள் விஷம் மேலே கொண்டுவரும்.

ஏப்ரல் 21

திருப்பூர் நண்பர் ஒருவர் என் கணக்கை மறுக்கிறார். போர் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட்டார். அவர் வீட்டு போர் டிடிஎஸ் 2,100, அதில் எட்டு வருடமாக மீன் வளர்க்கிறாராம்.

வளரும். அவர் தொட்டி முதல் நாளிலிருந்தே அந்தத் தண்ணீர். உள்ளே இருப்பதும் ஊற்றுவதும் ஒன்று, காரத்தன்மையும் தாராளம், பிஎச் இறங்கவே இறங்காது. வடவள்ளியில் பழைய தொட்டிக்குள் ஒரு தண்ணீர், புதிதாக விட்டது வேறு தண்ணீர். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் இரண்டு குழாயில் வருகிற எல்லா வீட்டுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. மழை பொய்த்த வருடம் இன்னும் அதிகம். 2017 கோடையில் சிறுவாணி வற்றியபோது லாரித் தண்ணீருக்கும் போருக்கும் மாறின வீடுகள் எத்தனையோ. அந்த வருடம் பழைய மீன்கள் பொட்டென்று போனதாக எனக்கே மூன்று பேர் சொன்னார்கள். அப்போது எனக்கும் இது புரியவில்லை, வெயில் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது சரி. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துவார்களே, அன்று மூடிய டப்பா பில்டருக்குள் காற்றில்லாமல் பாக்டீரியா செத்து அழுகிவிடும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் அப்படியே தொட்டிக்குள் வரும். 2012இல் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனபோது நாங்கள் பட்ட பாடு அது. சாயங்காலம் பில்டரில் நிற்கிற தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். சின்ன ஏர் மோட்டாருக்கு மூன்று, நாலு வாட் போதும், யூபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.

ஏப்ரல் 27

தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னார். பொங்கலுக்கு இரண்டு ஏஞ்சல் குட்டி வாங்கி விட்டாராம், இரண்டு நாளில் இரண்டும் போய்விட்டன. கடையில் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

அப்போதே தொட்டி சொல்லியிருக்கிறது! புளித்த தொட்டியின் முதல் அடையாளமே இதுதான். பழைய மீன்கள் ஜம்மென்று இருக்கும், புதிதாக விட்டது நிற்காது. பழையவை மாதக்கணக்கில் பழகியவை, புதியது கடைத் தண்ணீரிலிருந்து நேரே அதில் விழுகிறது. என்னிடம் யாராவது "எங்கள் தொட்டியில் புது மீன் மட்டும் நிற்பதில்லை" என்று சொன்னால், இனி முதல் கேள்வி பிஎச் எவ்வளவு என்பதுதான்.

அப்படிப்பட்ட தொட்டி உங்களிடம் இருந்தால் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். நூறு லிட்டருக்குப் பத்து லிட்டர், ஒன்றுவிட்டு ஒருநாள், அதே குழாய்த் தண்ணீர், இரண்டு மூன்று வாரம். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் பிஎச்சை ஏற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் வடவள்ளியில் நடந்தது நடக்கும்.

மே 6

நைட்ரைட் 2 வந்து நாலு நாள் நின்றது. எதிர்பார்த்ததுதான், அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிற முதல் பாக்டீரியாக் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது, அதை நைட்ரேட்டாக்குகிற இரண்டாவது கூட்டம் வரவில்லை. இப்போதுதான் கல்லுப்பு போட்டோம், அளந்து, கரைத்து. டேங்க் கிளீனர் உப்பு தாங்காதே என்று எனக்குப் பயம், அதனால் லிட்டருக்கு அரை கிராம்தான்.

கோடை மழை பெய்த மறுநாள் சிங்காநல்லூர் குளத்தோரம் போனேன். ஜிலேபி மீன்கள் விடியலில் கரையோரம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. முதல் மழை ஊரழுக்கைக் குளத்தில் சேர்க்கும், அழுகும்போது காற்றைத் தின்றுவிடும், இரவில் பாசியும் சேர்ந்து இழுக்கும். விடியற்காலைதான் காற்று மிகக் குறைவாக இருக்கும். சின்ன வயதில் அப்புச்சி தோட்டத்துக் குட்டையில் இப்படி மீன் மேலே வந்தால், மோட்டாரைப் போட்டுக் குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீர் சொத்தென்று விழும்படி விடுவார். எதற்கென்று கேட்டால் "மீனுக்கு மூச்சு வேணுமல்ல கண்ணு" என்பார். இப்போது நான் குழாயை உயர்த்திக் கட்டுவதெல்லாம் அவரைப் பார்த்துத்தான்.

மே 19

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 7.2. மூன்று வாரமாகப் பில்டருக்குள் ஒரு வலைப்பையில் இரண்டு கைப்பிடி கிளிஞ்சல் போட்டிருக்கிறோம். தண்ணீர் புளிக்கப் பார்த்தால் அது கொஞ்சம் கரைந்து தாங்கும். வாரம் நாலு குடம் மாற்றுகிறார், மூன்று நல்ல தண்ணீர், ஒன்று போர். எல்லா வாரமும் அதே அளவு, நல்ல தண்ணீர் வராவிட்டால் அந்த வாரம் மாற்றுவதே இல்லை.

புது மீன் எப்போது விடலாம் என்று தம்பி கேட்கிறார். இன்னும் மூன்று வாரம் போகட்டும். முதலில் மிஸ் கேரளா நாலு, அது கூட்டமாக இருக்கிற மீன், ஒற்றையாக இருக்கிறது. ஏஞ்சல் அப்புறம்.

இன்று போனபோது பாப்பா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் அடுக்கி எடுத்துவந்தாள். ஒவ்வொரு தாளின் முதுகிலும் பென்சிலில் அன்றைய பிஎச். ஏப்ரல் 14இலிருந்து ஒரு நாள் விடாமல். நிறம் சரியாகத் தெரியாத நாளில் "அப்பா 7னு சொல்றாங்க, எனக்கு 7.2" என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறாள்.